அந்த அப்பா ஏன் படத்துக்குப் போனார்

அவரைத் தராசு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கடைகளின் தராசுகளைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். முத்திரை குத்திய எடைக்கற்களை ஒரு தோல்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். கல்லைத் தட்டில் வைப்பார், எண்ணைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். ஐந்து கிராம் ஏறினாலும் இறங்கினாலும் தராசைக் கவிழ்த்துப் போட்டுப் பிரித்துவிடுவார். தட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு வேலை செய்து தரச் சொல்லி ஒரு பழக்கடைக்காரர் கேட்டாராம். "செஞ்சு தரேன். அப்புறம் அதே தராசுல உங்களையும் நிறுத்துப் பார்ப்பாங்க. குறைவாத்தான் வருவீங்க" என்றாராம் இவர்.

அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் புதுப்படம் பார்ப்பார், காலைக்காட்சி. அவர் நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கும். தேறாது என்றால், அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தின் சுவரொட்டி மேல் வேறு படத்தின் சுவரொட்டி ஏறியிருக்கும்.

அவருக்குக் கூட்டு இரண்டு பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். சண்டைப் படமென்றால் உயிரை விடுவார், ஆனால் அழுகைக் காட்சியில் முதலில் மூக்கை உறிஞ்சுவதும் அவர்தான். இன்னொருவர் தையற்கார அக்கா. கதாநாயகி ஓடிவரும்போது எல்லாரும் அவள் கண்ணீரைப் பார்த்தால், அக்கா மட்டும் ரவிக்கையின் தோள்தையலைப் பார்ப்பார். "அழுதுக்கிட்டே ஓடறா, சரி. நடுவுல எங்க நின்னு ஜாக்கெட்டை மாத்தினா?" என்பார்.

படம் முடிந்ததும் மூவரும் பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்காருவார்கள். பேச்சுக்கு முன்னால் அங்கே ஒரு சடங்கு உண்டு. கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டின் பின்புறத்தில் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் மனது சாயக்கூடாது என்பதற்காக அக்கா கொண்டுவந்த ஏற்பாடு அது. எழுதியதை மடித்து மருந்துக்கடைக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போடுவார்கள். பிறகு அவர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். அப்புறம்தான் வாய்ச்சண்டை.

அதோடு ஒரு கண்டிப்பும் இருந்தது. அரங்கத்துக்குள் நுழையும்போது அணைத்த செல்போனை, சீட்டு வாசித்துத் தீர்ப்புச் சொல்லி முடிக்கும்வரை யாரும் உயிர்ப்பிக்கக் கூடாது. ஒருமுறை ஒரு சாவுக்காட்சியின் நடுவில் அக்காவுடைய போன் அலறி, "என் பிளவுஸ் என்னாச்சு?" என்று யாரோ கேட்டது நாலு வரிசைக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கே போட்ட சட்டம் அது. சிரித்துக்கொண்டே போட்ட சட்டம். அது ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளக்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. தராசின் மனைவிக்கு முந்தின நாளே தோள்பட்டையில் வலி. வாயுப்பிடிப்பு என்று அந்த அம்மாள் தானே முடிவு செய்துகொண்டார். மறுநாள் காலையில் தராசு படம் பார்க்கப் போனார். படம் முடிந்து, சீட்டு எழுதி, வாசித்து, கடைசிக் காட்சி சரியா தப்பா என்று மருந்துக்கடைக்காரர் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றார். எழுந்த தராசைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எல்லாம் முடிந்து தராசு போனை உயிர்ப்பித்தபோது மகள் இருபத்து மூன்று தடவை அழைத்திருந்ததாக அதில் குறுஞ்செய்தி வந்து விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அவள் அழவில்லை. அப்பாவின் சட்டைப்பையில் தெரிந்த பாதி டிக்கெட்டைப் பார்த்தாள். "திருட்டுத்தனமா போனீங்கல்ல" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். தராசு வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து சித்தியோடு பெருநகரத்துக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. இவர் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் இவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கிறாள் என்று மட்டும் சித்தி மூலம் தெரியவந்தது.

கூட்டாளிகளிடம் தராசு ஒரு பொய் சொல்லியிருந்தார். அவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் எல்லாம் நடந்தது என்ற பொய். அந்தச் சட்டத்தைப் போட்டவர் அக்கா. கையைப் பிடித்து உட்கார வைத்தவர் மருந்துக்கடைக்காரர். இருவரையும் ஏன் சாகடிக்க வேண்டும் என்று நினைத்தார். எடைக்கற்களைத் தூக்கிப் பழகிய மனிதர், இதையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இந்த வருடம் ஒரு சின்னப் படம் வந்தது. பெரிய நடிகர்கள் யாரும் இல்லை. சுவரொட்டியின் அடியில் இயக்குநர் பெயரைப் படித்த தராசு பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டார். அவர் மகளின் பெயர். பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய அப்பாவின் முதலெழுத்து இல்லை. பின்னால் அம்மாவின் பெயரை முழுதாகச் சேர்த்திருந்தாள்.

கூட்டாளிகளுக்கு அது யாருடைய பெயர் என்று தெரியாது. அவர்களுக்கு மகளைப் பாப்பா என்று தெரியும், மனைவியை அண்ணி என்று தெரியும். பெயர் சொல்லி யாரும் யாரையும் அழைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை மூவரும் போனார்கள். இருபது பேர்கூட இல்லாத அரங்கம். திரையில் ஒரு கடிகாரம் ரிப்பேர் செய்பவர் வந்தார். அவர் மனைவி நோயில் படுத்திருக்கிறாள். ஒரு காலைப் பொழுதில் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல நடந்து, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் படம் பார்க்கப் போகிறார். பக்கத்து அறையில் போர்வைக்குள் விழித்திருக்கும் மகளின் கண்கள் மட்டும் தெரிகின்றன. பிறகு மகள் அலறிக்கொண்டு போனை அழுத்துகிறாள். அங்கே ஒரு படிக்கட்டில் அப்பாவும் முகம் தெரியாத இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். போன் அணைந்து படியின் ஓரத்தில் கிடக்கிறது.

கதவு சாத்திய காட்சியில் தராசின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டன. நடந்தது அதுதான். செருப்பைக் கையில் எடுத்ததும் உண்மை, கதவை மெல்லச் சாத்தியதும் உண்மை. அதை மகள் விழித்திருந்து பார்த்தாள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. எட்டு வருடம் அவளுக்குள் எது இருந்து அரித்தது என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

படிக்கட்டில் சீட்டு வாசிக்கப்பட்டது. மருந்துக்கடைக்காரர் முதல் சீட்டை எடுத்தார்.

"அந்த அப்பன் மனுஷனே இல்ல" என்று வாசித்தார். "இது என்னோடது, ஒத்துக்கறேன்" என்றார். "பொண்டாட்டி சாகக் கிடக்கறா, செருப்பைக் கையில தூக்கிட்டுப் போறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

இரண்டாவது சீட்டில் அக்காவின் பொடி எழுத்து. "ஒரு காட்சி குறைகிறது."

"எந்தக் காட்சி?"

"அவன் ஏன் போனான்னு எங்கயும் இல்லையே. முதல்ல இருந்து பொண்டாட்டி காலுக்குத் தைலம் தேய்ச்சுவிடறான், கஞ்சி ஆத்திக் கொடுக்கறான். அப்படிப்பட்ட ஆளு திடீர்னு திருடனாட்டம் கிளம்பறான். நடுவுல ஏதோ விட்டுப்போச்சு. அந்தப் பொண்ணு ஒரு தையல் போடாமலே துணியை முடிச்சிருக்கா."

"நீ எதைப் பார்த்தாலும் தையல்தான்."

"நீங்க எதைப் பார்த்தாலும் மாத்திரைதான். அடுத்த சீட்டை எடுங்க."

மூன்றாவது சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மருந்துக்கடைக்காரர். ஒன்றும் எழுதவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டுக்குள் வெற்றுச் சீட்டு விழுந்ததே இல்லை.

"என்னண்ணே, பேனாவுல மை தீர்ந்துபோச்சா?"

தராசு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் படிக்கட்டைப் பார்த்தீங்களா?" என்றார் மெதுவாக. "இந்தப் படிக்கட்டுதான் அது. முகம் காட்டாத ரெண்டு பேரு நீங்க ரெண்டு பேருந்தான். எடுத்தது என் பொண்ணு."

அதன் பிறகு அவர் அந்த வெள்ளிக்கிழமையை முழுதாகச் சொன்னார். அக்காவின் கை தன் வாயை மூடிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் தன் வலது கையைத் தானே பார்த்தார். அன்றைக்குப் பிடித்து இழுத்த கை.

"எந்திரிச்சீங்களே அண்ணே" என்றார். "எந்திரிச்சவரை நான்தானே உட்கார வச்சேன். அஞ்சு நிமிஷம்னு சொல்லி."

"அதனாலதான் சொல்லல."

"எட்டு வருஷமா என் கடையில மாத்திரை வாங்கறீங்க. என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கறீங்க. எப்படிண்ணே முடிஞ்சுது?"

தராசு அந்த வெற்றுச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அக்கா கேட்டார். "ஏன் போனீங்க? அண்ணிக்கு முடியலைன்னு தெரியும்ல?"

"அவதான் போகச் சொன்னா. நீங்க வீட்டுல இருந்தா என்னைத் தூங்க விடமாட்டீங்க, நிமிஷத்துக்கு ஒருதரம் எப்படி இருக்குன்னு கேப்பீங்க, போய்ப் படத்தைப் பார்த்துட்டு வாங்க, நான் ஒரு தூக்கம் போடறேன்னா."

"இதைப் பாப்பாகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? செத்தவ மேல பழியைப் போட்டுட்டு நான் நல்லவனாகவா?" அவர் தயங்கினார். "அது மட்டும் இல்ல. இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொன்னா பாப்பா தாங்கமாட்டா."

அந்த இன்னொன்றை அவர் அவர்களிடமும் சொல்லவில்லை. அக்கா வற்புறுத்தவும் இல்லை. தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"அண்ணே, நான் பெருசா படிக்காதவ. மனசுல பட்டதைச் சொல்றேன். அவ தாங்கமாட்டா, நாங்க தாங்கமாட்டோம்னு நீங்களே எல்லாரையும் நிறுத்துப் பார்த்து முடிவு பண்ணிட்டீங்க. அம்மா போனது விதி. அப்பனும் இல்லாமப் போனது நீங்க வாயை மூடினதால. ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சிக்கு டைரக்டர் வராங்களாம், ஜனங்க அபிப்பிராயம் கேக்கறதுக்கு. டிக்கெட் கவுண்டர்ல எழுதி ஒட்டியிருக்கு. இதை விட்டா உங்களுக்கு வேற வழி இல்ல."

சனிக்கிழமை முழுக்கத் தராசுக்கு வேலை ஓடவில்லை. ஒரு கடையில் இரண்டு கிலோ கல்லை வைத்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் நின்றுகொண்டே இருந்தார். "என்ன சார், சரியா இருக்கா?" என்று கடைக்காரர் மூன்று தரம் கேட்டார். போகலாமா வேண்டாமா என்பதல்ல அவர் கவலை. போய் அவள் கண்ணெதிரே நின்று, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இப்போதாவது எங்கோ ஒரு மூலையில், என்றைக்காவது பேசுவாள் என்ற ஒரு நூல் மிச்சம் இருக்கிறது. அதுவும் நாளைக்கு அறுந்துவிட்டால் இந்த அறுபத்திரண்டு வயதில் எதைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுவது?

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. திரைக்கு முன்னால் அவள் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். காதோரம் இந்த வயதிலேயே இரண்டு நரை. அம்மாவைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்த்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தராசுக்குக் கண் மறைத்தது.

மைக் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். ஒருவர் பாட்டு இரண்டு குறைத்திருக்கலாம் என்றார். இன்னொருவர் எழுந்து, "அந்த அப்பாவைக் கடைசியில போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்திருக்கணும் மேடம்" என்றார். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. அவள் சிரிக்கவில்லை.

அக்கா எழுந்தார்.

"படம் நல்லா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த அப்பா ஏன் படத்துக்குப் போனாரு? அது மட்டும் படத்துல இல்லையே."

அவள் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "திரைக்கதை எழுதும்போது எல்லாரும் இதைத்தான் கேட்டாங்க. ஏதாவது ஒரு காரணம் வைம்மான்னாங்க. பொய்யா ஒரு காரணம் வைக்க எனக்கு மனசு வரல. அவர் சொன்னதே இல்ல. சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்."

மைக்கை அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. வரிசைகளுக்கு நடுவில் மெல்ல நடந்துபோய்த் தராசின் மடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தராசு எழுந்து நின்றார். மேடையில் நின்றவளின் முகம் வெளுத்துப்போனது. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. யாரோ ஒரு பெரியவர், சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் தெரிய நிற்கிறார், அவ்வளவுதான்.

"நான் படத்தைப் பத்தி மட்டும் பேசறேன்" என்றார். "போனை அணைச்சு வச்சது அந்த ஆளோட தப்பு. ஒரு மணி நேரம் வெட்டிப்பேச்சுப் பேசினதும் தப்பு. அதுல ஒரு கிராம்கூட நீங்க கூட்டியும் எடுக்கல, குறைச்சும் எடுக்கல. எடை சரியா இருக்கு. அவனுக்கு அது வேணும். ஆனா அந்தக் கதவு..." மைக்கை மறுகைக்கு மாற்றினார். "கதவைப் பத்தி டைரக்டர்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லணும். இங்க வேண்டாம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். யாரோ கை தட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் நின்று கொடுத்துவிட்டு, அவள் காலியான வரிசைகளைத் தாண்டி மேலே வந்தாள். அவருக்கு முன் வரிசையில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவும் மருந்துக்கடைக்காரரும் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்கள்.

"சொல்லுங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

"நீ முழிச்சிருந்தேன்னு எனக்குத் தெரியாது பாப்பா."

"முழிச்சுத்தான் இருந்தேன். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் வராம... எதுக்கு அப்படிப் போகணும்? போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் எந்திரிச்சு அம்மா பக்கத்துல வந்து படுத்திருப்பேனே."

இதைத்தான் சொல்லக்கூடாது என்று எட்டு வருடம் வாயைக் கட்டியிருந்தார். சொன்னால், தன்னைத் தூங்கவிடத்தான் அம்மா தனியாகக் கிடந்தாள் என்று மகள் காலமெல்லாம் வெந்துபோவாள். சொல்லாவிட்டாலும் வெந்துகொண்டுதான் இருக்கிறாள் என்பதை இதோ கண்ணால் பார்க்கிறார்.

"உங்கம்மாதான் சொன்னா" என்றார். "என்னைப் போகச் சொன்னதும் அவதான். பாப்பா ராத்திரியெல்லாம் பரீட்சைக்குப் படிச்சிருக்கா, இப்பத்தான் கண் அசந்திருக்கா, செருப்பைக் கையில எடுத்துக்குங்க, கதவை மெதுவா சாத்துங்கன்னா. அவளுக்கு அவ்வளவு முடியலைன்னு அவளுக்கே தெரியல. எனக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா..."

நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அவள் அழுத சத்தம் அந்தப் பெரிய அரங்கத்தில் எதிரொலித்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அழாத அழுகை அது. கீழே பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்து மூணு தடவை கூப்பிட்டேன்" என்றாள் அவள்.

"தெரியும்மா."

"அதை என்னால மறக்க முடியாது."

"மறக்க வேண்டாம்."

அவள் கண்ணைத் துடைத்தாள். மறுபடி ஊறியது. மறுபடி துடைத்தாள். பிறகு சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள். "அம்மா வேற என்ன சொன்னாங்க?"

அதற்குள் வாசலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, அடுத்த ஊர் அரங்கத்துக்கு நேரமாகிறது, கார் நிற்கிறது என்று சொன்னார். அவள் கையை உயர்த்தி அவரைக் காத்திருக்கச் சொன்னாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரில் தையல் விட்டிருந்தது. கன்னத்தில் சவரம் செய்யாமல் விட்டுப்போன ஒரு திட்டு. அவரையும் கூட வரச் சொல்லலாமா என்று அவள் ஒரு நிமிடம் யோசிப்பது தெரிந்தது.

"நீங்களும் ஏறுங்க. ரெண்டு மணி நேரம் ஆகும் போய்ச் சேர" என்றாள். "போற வழியில சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லணும்."

கூட்டாளிகள் இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். கார் தெருமுனை திரும்பும்போது பின்னிருக்கையில் இரண்டு தலைகள் தெரிந்தன. நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி.

காருக்குள் தராசு முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கே தொடங்குவது என்று வெகுநேரம் தேடினார். அவள் அவசரப்படுத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி காத்திருந்தாள்.

"அன்னைக்கு உங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டா" என்று அவர் ஆரம்பித்தார்.